வெங்காரமும் எரிமலையும்

போன பதிவு எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வலது கண்ணில் புரை எடுத்ததால் கம்ப்யூட்டர் பக்கமே போகக்கூடாது என்று டாக்டரும், டாக்டரை விடக் கண்டிப்பாக வீட்டம்மாவும் சொல்லிவிட்டார்கள். இப்போது பரவாயில்லை. விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

இந்தப் பதிவு ஒரு பழைய கடனைப் பற்றியது. பணக் கடன் இல்லை. ஒரு மாணவனுக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய பதில். முப்பது வருஷத்துக்கு மேல் பாக்கி.

கண் ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் என் மனைவியின் சங்கிலிக் கொக்கி அறுந்துவிட்டது. நம் ஊரில் நகை வேலை என்றால் எங்கே போவோம்? தெற்கு ஆவணி மூல வீதிதான். ரோட்டோரமாகக் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைகள். பின்னால் சந்துக்குள் போனால் மாடிப்படிக்கு அடியிலும் மச்சிலும் பட்டறைகள். அப்படி ஒரு பட்டறை என் பழைய மாணவனுடையது. பெயரைச் சொல்ல வேண்டாம், அவனுக்கும் தொழில் இருக்கிறது.

"அவன்கிட்டயே குடுப்போமே, உங்க பையன்தானே" என்று வீட்டில் பல தடவை சொல்லியிருக்கிறாள். நான் ஏதாவது சாக்குச் சொல்லி வேறு பட்டறைக்குப் போய்விடுவேன். இந்தத் தடவை விடவில்லை. "அவன் உங்களுக்கு என்ன பாக்கி, நீங்க அவனுக்கு என்ன பாக்கி, ஏன் பயப்படுறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அப்போதுதான் சொன்னேன்.

1991ஆம் வருஷம். நான் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் நடத்திக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் அந்தமானில் பாரன் தீவு எரிமலை வெடித்த செய்தி பேப்பரில் வந்தது. இந்தியாவில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற ஒரே எரிமலை அதுதான். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர் தூரத்தில் கடலில் தனியாக நிற்கிறது. குறுக்களவு 3 கிலோமீட்டர்தான் இருக்கும். மனிதர்கள் யாரும் குடியில்லை. எப்போதோ யாரோ விட்டுப்போன ஆடுகள் மட்டும் பெருகி வாழ்ந்தன. 1787ல் அது புகைந்ததைக் கப்பல்காரர்கள் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதிவரை விட்டுவிட்டுப் பொங்கியது. பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்குக் கிட்டத்தட்ட சத்தமே இல்லை. செத்துப்போன எரிமலை என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 1991ல் எழுந்துவிட்டது.

எனக்கு ஒரே உற்சாகம். ஜப்பானையும் இத்தாலியையும் காட்டியே எரிமலைப் பாடம் நடத்தி அலுத்துப் போயிருந்தவனுக்கு நம் தேசத்திலேயே ஓர் எரிமலை! பேப்பரை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். "பாரன் தீவு" என்று போர்டில் எழுதியதும் ஒருவன், "பேரன் தீவா சார்? அப்ப தாத்தா தீவு எங்க இருக்கு?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு படம் போட்டேன். இந்தியாவைத் தாங்கும் தட்டு, வங்காள விரிகுடாவின் அடித்தளத்தையும் சேர்த்துக்கொண்டு போய், அந்தமானுக்கு மேற்கே இருக்கும் பள்ளத்தில் இன்னொரு தட்டுக்கு அடியில் நுழைகிறது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான், நகம் வளர்கிற வேகம். உள்ளே போன தட்டு உருகும். உருகிய குழம்பு மேலே வரும். அதுதான் எரிமலை. பாடப்புத்தகத்தில் இருந்ததும் இவ்வளவுதான், எனக்குத் தெரிந்ததும் இவ்வளவுதான்.

கடைசி பெஞ்சில் ஒருவன் கை தூக்கினான். நகை வேலை செய்கிற ஆசாரியின் மகன். படிப்பில் சுமார். பேசவே மாட்டான்.

"சார், கடலுக்கு அடியில கெடக்குற தட்டு குளுந்துதான இருக்கும்?"

"ஆமா."

"குளுந்தது உள்ள போனா, உள்ள இருக்குற சூடு கொறையத்தான செய்யும்? அது எப்படி சார் உருகும்?"

நல்ல கேள்வி என்று அப்போதே உள்ளுக்குள் தெரிந்தது. ஆனால் பதில் தெரியாது. "உராய்வு. ரெண்டு பாறை உரசினா சூடு வரும்ல? அதுல உருகும்" என்றேன்.

அவன் உட்காரவில்லை. "உராய்வுன்னா பள்ளத்துலருந்தே உரசிக்கிட்டுத்தான சார் போகுது? அங்கேயே எரிமலை வராம, ஏன் சார் அம்புட்டுத் தூரம் தள்ளி வருது?"

வகுப்பு என்னையே பார்த்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதிகப்பிரசங்கி, முதல்ல வீட்டுப்பாடத்தை எழுதிட்டு வா, அப்புறம் எரிமலைக்குள்ள போகலாம்" என்று சொல்லித் தலையில் ஒரு குட்டு வைத்தேன். வலிக்கிற குட்டுத்தான். வகுப்பு மறுபடி சிரித்தது. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. அவன் உட்கார்ந்தான். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் என் வகுப்பில் அவன் கை தூக்கியதாக ஞாபகம் இல்லை. பத்தாவதோடு நின்று அப்பாவோடு பட்டறையில் உட்கார்ந்துவிட்டான். என்னால்தான் நின்றான் என்று சொல்லமாட்டேன். அந்த வீட்டில் அப்போதிருந்த கஷ்டத்தில் எப்படியும் நின்றிருப்பான். ஆனாலும் அந்தக் குட்டு என் கைமுட்டியில் அப்படியே இருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமியை நம்மில் யார் மறக்க முடியும்? மதுரையில் தண்ணீர் வரவில்லை என்றாலும், நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் சொந்தக்காரர்கள் இருந்த வீடுகளில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. அதைக் கிளப்பியது 1991ல் நான் போர்டில் போட்ட அதே கோடு. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தத் தட்டு விளிம்பு ஒரே மூச்சில் நழுவியது. அளவு 9.1. அடுத்த மே மாதம், 2005ல், பாரன் தீவும் மறுபடி பொங்கியது. அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்ததும் பிள்ளைகள் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தார்கள். அப்போதுதான் நான் பாடப்புத்தகத்தை விட்டு வெளியே தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் சொன்ன "உராய்வு" தவறு என்று தெரிந்தது. ஏன் தவறு என்று முழுசாகப் புரிந்துகொள்ள ரிடையராகி வெகுகாலம் ஆனது. நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு, வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். ஏ.சி.யும் உண்டு, அறிவும் உண்டு. புரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் விஷயம். பூமிக்கு அடியில் நெருப்புக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, ஓட்டையிட்டால் வெளியே வந்துவிடும் என்றுதான் நாமெல்லாம் நினைத்திருக்கிறோம். அப்படி இல்லை. நாம் நிற்கிற ஓட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை இருப்பது கவசம் எனப்படும் பாறை. சூடுதான், ஆயிரம் டிகிரிக்கு மேல். ஆனால் திடமான பாறை. மேலே இருக்கிற எடை அதை உருகவிடாமல் அமுக்கிப் பிடித்திருக்கிறது. குக்கரில் அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்க இன்னும் அதிகச் சூடு வேண்டியிருக்கிறதல்லவா? பாறை உருகுவதும் அப்படித்தான். ஆகவே எரிமலை என்பது உள்ளே எப்போதும் இருக்கிற குழம்பு வெளியே வருவதில்லை. திடமாக இருந்த பாறை ஏதோ ஒரு காரணத்தால் புதிதாக உருக வேண்டும்.

அதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, சூடான பாறை மேலே ஏறி வரும்போது அழுத்தம் குறைந்து உருகுவது. கடலுக்கு நடுவில் தட்டுகள் விலகுகிற இடங்களிலும் ஹவாய்த் தீவுகளிலும் நடப்பது இதுதான். 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன் மகாராஷ்டிரப் பக்கம் தக்காணத்தை மூடிய எரிமலைக் குழம்பும் இந்த வகைதான். இரண்டாவது வழிதான் அந்தமானில் நடப்பது. அங்கே காரணம் சூடும் இல்லை, உராய்வும் இல்லை. தண்ணீர்.

ஆமாம், தண்ணீர். எரிமலையை உண்டாக்குவது தண்ணீர் என்று படித்தபோது நானே இரண்டு தடவை திருப்பிப் படித்தேன்.

கடலுக்கு அடியில் கோடிக்கணக்கான வருஷம் ஊறிக் கிடந்த தட்டு அது. வங்காள விரிகுடாவில் அதன் தலைமேல் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய இமயமலை வண்டல் கிலோமீட்டர் கணக்கில் கனத்துக் கிடக்கிறது. இதெல்லாம் பள்ளத்தில் இறங்கும்போது கூடவே தண்ணீரும் இறங்குகிறது. மண்ணுக்கு இடையில் ஈரமாக இருப்பது சீக்கிரமே பிழிந்து வெளியேறிவிடும். ஆனால் இன்னொரு வகைத் தண்ணீர் இருக்கிறது. அது ஈரமாகத் தெரியாது, கனிமத்துக்கு உள்ளேயே கட்டுண்டு கிடக்கும். நாம் சின்ன வயதில் பொறுக்கி விளையாடிய காக்காப்பொன் ஏடு இருக்கிறதே, அதற்குள்ளும் அப்படித் தண்ணீரின் கூறு இருக்கிறது. தொட்டால் தூசியாக இருக்கும்.

தட்டு இறங்க இறங்கச் சூடும் அழுத்தமும் ஏறுகின்றன. ஒரு கட்டத்தில் அந்தக் கனிமங்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் தண்ணீரை விட்டுவிடுகின்றன. அந்தத் தண்ணீர் மேலே கசிந்து ஏறுகிறது. அங்கே, இறங்கும் தட்டுக்கும் மேலே இருக்கும் தட்டுக்கும் நடுவில், ஆப்பு மாதிரி ஒரு துண்டுக் கவசப் பாறை கிடக்கிறது. அது ஏற்கெனவே ஆயிரத்து இருநூறு டிகிரிக்குப் பக்கத்தில் கொதிசூட்டில் இருக்கிறது. காய்ந்த நிலையில், அந்த ஆழத்து அழுத்தத்தில், அது உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் தண்ணீர் கலந்துவிட்டால் ஆயிரம் டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். சூடு ஏறவே இல்லை, உருகுவதற்கான எல்லைதான் கீழே இறங்கிவிட்டது.

எல்லாம் உருகுவதில்லை. நூற்றில் ஒரு சிறு பங்குதான் உருகும். அல்வாவிலிருந்து நெய் கசிகிற மாதிரி, பாறைத் துகள்களுக்கு நடுவே கசிந்து, இலேசாக இருப்பதால் மேலே ஏறி, ஓட்டுக்கு அடியில் தேங்கி, கடைசியில் எரிமலையாக வாய் திறக்கிறது. அதில் கரைந்திருக்கும் நீர், மேலே வந்து அழுத்தம் குறைந்ததும் ஆவியாகப் பொங்கும். நம் கோலி சோடாவில் கோலியைத் தட்டியதும் நுரை பீறுகிறதே, அதே கதை. ஹவாயில் குழம்பு பெரும்பாலும் சாதுவாக வழிந்து ஓடுவதற்கும், 1883ல் ஜாவா பக்கத்தில் கிரகட்டோவா வெடித்து ஏறக்குறைய 36,000 பேரைக் கொன்றதற்கும் முக்கியமான வித்தியாசம் இந்த நீர்தான். பர்மாவின் போப்பா மலை, நார்கொண்டம், பாரன் தீவு, சுமத்ரா, ஜாவா எல்லாம் ஒரே வரிசை. பர்மாவிலிருந்து வந்து நம் பக்கம் குடியேறிய பெரியவர்கள் சிலருக்குப் போப்பா மலை நினைவிருக்கும்.

கடைசி பெஞ்சுக்காரனின் இரண்டு கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. குளிர்ந்த தட்டு எப்படி உருகும்? அது பெரும்பாலும் உருகுவதே இல்லை, அதற்கு மேலே இருக்கிற சூடான பாறைதான் உருகுகிறது. அவன் சந்தேகம் சரி, என் படம் தவறு. பள்ளத்தின் பக்கத்திலேயே ஏன் எரிமலை வரவில்லை? தட்டு சராசரியாக 100 கிலோமீட்டர் ஆழம் இறங்கும் இடத்தில்தான், வெளியேறும் தண்ணீருக்கு மேலே போதிய சூட்டில் பாறை இருக்கிறது. சாய்வாக இறங்குவதால் அந்த ஆழத்துக்குப் போவதற்குள் பள்ளத்தை விட்டு வெகுதூரம் தள்ளிப் போய்விடுகிறது. உராய்வைப் பற்றியும் அவன் சொன்னது நியாயம்தான். பாறை சூடேறினால் இளகும், இளகினால் உராய்வு குறையும். உரசியே உருக வைக்க முடியாது.

இதற்கு என்ன சாட்சி என்று கேட்பீர்கள். ஒரு சாட்சி சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதும்போது பெரிலியம்-10 என்ற பொருள் மிக மிகச் சிறிய அளவில் உண்டாகிறது. மழையோடு கடலுக்கு வந்து அடி மண்ணில் படிகிறது. சுமார் 14 லட்சம் வருஷத்துக்கு ஒருமுறை பாதி பாதியாக அழிந்துகொண்டே போகும். ஆகவே பூமியின் ஆழத்தில் பழைய பாறையில் அது இருக்க வழியே இல்லை. ஆனால் 1980களில் மத்திய அமெரிக்காவிலும் அலூசியன் தீவுகளிலும் புதிதாகக் கக்கிய எரிமலைக் குழம்பில் அதைக் கண்டுபிடித்தார்கள். கடலடி மண் சில பத்து லட்சம் வருஷத்துக்குள் உள்ளே போய் எரிமலை வழியாகத் திரும்பியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டுதான், மனைவியோடு அந்தப் பட்டறைப் படி ஏறினேன்.

அவனுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது இருக்கும். முன்தலை வழுக்கை, மூக்கு நுனியில் கண்ணாடி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "வாங்க சார், வாங்கம்மா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். சங்கிலியை வாங்கிப் பார்த்துவிட்டு, "பத்து நிமிஷ வேலை, இருந்து வாங்கிட்டுப் போங்க" என்றான். அப்பா காலத்து ஊதுகுழல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது கேஸ் நெருப்புத்தான்.

ஒரு சின்னக் கல்லில் தண்ணீர் விட்டு வெங்காரத்தை உரைத்தான். அந்தப் பாலை பிரஷ்ஷால் கொக்கியின் முறிவில் தடவினான். பொடியை நுனியில் எடுத்து வைத்தான். நெருப்பைக் காட்டினான். வெங்காரம் வெள்ளையாக, பொரி மாதிரி உப்பிப் பொங்கியது. பிறகு அடங்கி, கண்ணாடி மாதிரி உருகிப் பரவியது. பொடி பளிச்சென்று ஓடி இடுக்கில் புகுந்தது. சங்கிலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஏம்பா அப்படிப் பொங்குது?" என்றேன்.

"உள்ள தண்ணி இருக்குல்ல சார். பாக்கக் கல்லு மாதிரி இருக்கும், சூடு பட்டா தண்ணிய விட்டுரும். வீட்டுல படிகாரம் பொரிப்பீங்கள்ல, அது மாதிரிதான்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். வெங்காரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர் என்பது புத்தகத்தில் படித்தது. ஆனால் கண்ணெதிரே பார்ப்பது வேறு.

"பொடி மட்டும் உருகுது, சங்கிலி ஏன் உருகலை?"

"பொடியில வேற உலோகம் சேத்திருக்கோம் சார். கலந்தா சீக்கிரம் உருகும். சுத்தத் தங்கம் ஒரு சூட்டுல உருகும், சுத்தச் செம்பு ஒரு சூட்டுல உருகும். ரெண்டையும் கலந்தா ரெண்டுக்கும் முன்னாடியே உருகிரும். அதுதான் தொழிலே."

தங்கம் 1,064 டிகிரி, செம்பு 1,085 டிகிரி. எட்டுக்கு இரண்டாகக் கலந்தால் 910 டிகிரியிலேயே இளகிவிடும். நான் நூலகத்தில் பல மாதம் உட்கார்ந்து புரிந்துகொண்டதை அவன் பதினாறு வயதிலிருந்து தினமும் கையால் செய்துகொண்டிருக்கிறான். சேர்க்கை சேர்ந்தால் உருகும் எல்லை கீழே இறங்கும். அவ்வளவுதான் அந்தமான் ரகசியம். அன்றைக்கு நான் "தெரியலடா, உங்க அப்பாகிட்ட பட்டறையில கேட்டுப் பாரு" என்று சொல்லியிருந்தால்கூட அவன் பாதித் தூரம் போயிருப்பான்.

மனைவி என்னை முழங்கையால் இடித்தாள். சொல்லிவிட்டேன். 1991, பாரன் தீவு, அவன் கேள்வி, என் குட்டு, எல்லாம். பிறகு பதிலையும் சொன்னேன். அங்கே கிடந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படமும் போட்டேன். இந்தத் தடவை சரியான படம். விஞ்ஞானிகள் இதைச் சோதித்த விதத்தையும் சொன்னேன். பாறைப் பொடியையும் துளி நீரையும் தங்கத்தாலோ பிளாட்டினத்தாலோ ஆன சின்னக் குழாயில் அடைத்து, வாயைப் பற்றவைத்து மூடி, அழுத்தத்தில் சூடாக்குவார்கள். வாஷிங்டனில் டட்டில், போவென் என்ற இருவர் தண்ணீர் சேர்ந்தால் கிரானைட் எவ்வளவு குறைந்த சூட்டில் உருகுகிறது என்பதை 1958ல் வெளியிட்டார்கள். அவர்களுக்கும் ஒரு பத்தர் வேலை தெரிந்திருக்க வேண்டும்.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கேள்வி கேட்டது ஞாபகம் இல்ல சார்" என்றான். "குட்டு ஞாபகம் இருக்கு."

நான் என்ன சொல்ல? "தப்புதாம்ப்பா. அன்னைக்கு எனக்குப் பதில் தெரியல. தெரியலன்னு சொல்லத் தெரியல" என்றேன்.

"அத விடுங்க சார், எங்கப்பா வெச்சதெல்லாம் இதவிடப் பலம்" என்று சிரித்தான். பிறகு படத்தைக் கையில் எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தான். "சார், உள்ள போன தண்ணி எல்லாமே எரிமலை வழியா வெளிய வந்துருமா? இல்ல அங்கேயே தங்கிருமா? எல்லாம் தங்கிருச்சுன்னா, ஒரு நாளு கடல் கொறைஞ்சு போகுமே?"

நாற்பத்தெட்டு வயது. நெற்றிச் சுருக்கம் அதே ஒன்பதாம் வகுப்புச் சுருக்கம்.

"தெரியலப்பா" என்றேன். "படிச்சுட்டு வந்து சொல்றேன்."

கூலி நூற்றைம்பது ரூபாய். கறாராக வாங்கிக்கொண்டான். வாங்காமல் இருந்திருந்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருந்திருக்கும்.

கண் கட்டு அவிழ்த்ததும் முதல் வேலையாக நூலகத்துக்குப் போனேன். உள்ளே போகும் நீரில் நிறையப் பங்கு வழியிலேயே பிழிந்தும், எரிமலையின் ஆவியாகவும் மேலே திரும்பிவிடுகிறது. மீதி இன்னும் ஆழமாகக் கவசத்துக்குள் போய்விடுகிறது. அங்கே பாறையின் உள்ளே கட்டுண்டு கிடக்கும் நீர் ஒரு கடல் அளவுக்கு இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று இன்னும் உலகமெங்கும் அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆக, அவன் கேட்ட இரண்டாவது கேள்வியும் சாதாரணக் கேள்வி இல்லை.

படிக்கும்போது நம் ஊரைப் பற்றியும் ஒன்று தெரிந்தது. அதையும் சொல்லி முடிக்கிறேன்.

நம் மதுரை வட்டாரப் பாறைகளைப் பூமியின் ஆழத்தில் வெந்து வந்தவை என்கிறார்கள். கொடைக்கானல் மலை முழுக்கச் சார்னோகைட் என்ற வகைப் பாறை. சென்னைப் பல்லாவரத்தில் கிடைப்பதும் அதுதான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல் இந்தப் பாறையில் செய்தது என்பதால், ஹாலந்து என்ற புவியியலாளர் 1893ல் இந்தப் பெயரை வைத்தார். சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்பு, பாலக்காடு–காவிரிப் பக்கமாக ஒரு பழைய கடல் மூடிக்கொண்டது, அங்கேயும் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் போயிருக்கிறது என்பது பல புவியியலாளர்களின் கருத்து. அப்படியானால் அந்தமானில் இன்றைக்கு நடப்பது போன்ற ஒன்று ஒரு காலத்தில் நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

சார்னோகைட்டின் விசேஷம் என்ன தெரியுமா? அது காய்ந்த பாறை. ஆழத்துச் சூட்டில் கனிமங்களுக்குள் இருந்த நீரெல்லாம் போய்விட்டது. நம் வைகை மாதிரி என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். ஆனால் அந்தக் காய்ந்த தன்மையும் சேர்ந்துதான் அதை இவ்வளவு உறுதியாக வைத்திருக்கிறது. நீர் சேர்ந்த பாறை சுலபமாக உருகும், நீர் போன பாறை லேசில் உருகாது.

அடுத்த வாரம் அவன் பட்டறைக்குப் போக வேண்டும். இந்தத் தடவை அறுந்தது ஒன்றும் இல்லை. சும்மாதான். பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். மனைவி மட்டும், "அடுத்த கேள்விக்கும் தயாராப் போங்க" என்கிறாள்.

உங்களில் வாத்தியார் வேலை பார்த்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். இப்படிப் பாக்கி ஏதாவது இருந்தால் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். மறந்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். கேள்வி மறந்திருக்கும், குட்டு மறந்திருக்காது.

மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம்.